நொண்டாமல் நடப்பது

வெளிநாட்டுக்கு விளையாடப் போனவன் நொண்டக் கூடாது என்று அவன் சொல்வான். உள்ளூர்க்காரன் நொண்டினால் ஓய்வு கொடுப்பார்கள். வெளியிலிருந்து வந்தவன் நொண்டினால் விமான டிக்கெட் கொடுப்பார்கள். இதைச் சொல்லும்போது அவன் சிரிப்பதில்லை. வீட்டுச் சாமான் ஏற்றும் எங்கள் லொறியின் முன்பக்கத்தில், எனக்கும் கதவுக்கும் இடையில் நெருக்கி உட்கார்ந்து, வலது முழங்காலை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு சொல்வான்.

அவன் பராகுவேக்காரன். வாழ்க்கையின் பெரும்பகுதி உதைபந்து விளையாடிச் சம்பளம் வாங்கியவன். மைதானத்தின் நடுவில், பின்வரிசைக்குச் சற்று முன்னால் நின்றவன். கோல் அடித்தவனின் பெயர் பத்திரிகையில் வரும். அவனுக்குப் பந்தைக் கொடுத்தவனின் பெயரும் சிலவேளை வரும். அந்தப் பந்தை முதலில் எதிராளியின் காலிலிருந்து பறித்தவனின் பெயர் எங்கும் வராது. அந்த வேலையைத்தான் அவன் நாடு நாடாகச் செய்திருந்தான்.

லொறி ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையுடையது. அவர் ஓட்டுவார், நாங்கள் இருவரும் தூக்குவோம். மொன்றியலில் வேறு வேலை கிடைக்காததால் வந்தவர்கள் என்று எங்களைச் சொல்ல முடியாது. எனக்கு வேலைகள் கிடைத்தன, நான் நிற்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, திருகோணமலையிலிருந்து கிளம்பியவன் நான். ஓரிடத்தில் இரண்டு பனிக்காலம் நின்றால் கால் அரிக்கத் தொடங்கிவிடும். கனடாவுக்கு வரும் வழியில் ஏஜென்சிக்காரன் எங்களை எக்குவடோரில் இறக்கிவிட்டுக் காணாமல் போனான். அங்கும் பெருவிலும் சந்தைகளில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்கித்தான் சாப்பிட்டேன். அப்படி வாய்க்கு வந்த ஸ்பானியம் இருபது வருடம் கழித்து இந்த லொறியில் உதவியது. அவனும் நானும் அதில்தான் கதைப்போம். அவன் சொன்னதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன். என்னை அவன் ‘ஒல்லி’ என்பான்.

அவனது ஆட்ட வாழ்க்கையை நான் துண்டு துண்டாகக் கேட்டேன். பொலிவியாவின் மலையுயரத்தில் முதல் பயிற்சியிலேயே மூக்கால் இரத்தம் வந்தது. ருமேனியாவில் குழு வாடகை கட்டாததால், ஆட்டம் முடிந்து வந்தவனின் அறைக்கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. மலேசியாவில் ஈர வெக்கையில் இடைவேளைக்குள் இரண்டு சட்டை மாற்றினான். முழங்கால் போனது சைப்பிரசில். காய்ந்த தடி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். பக்கத்தில் ஓடியவன்கூடத் திரும்பிப் பார்த்தான். இவன் எழும்பி, சப்பாத்து நாடாவைக் கட்டுவது போலக் கொஞ்ச நேரம் குனிந்து நின்றுவிட்டு, ஆட்டத்தை முடித்தான்.

அதற்குப் பிறகு ஒளிப்பதே அவனது பாதி வேலையாகிவிட்டது. புதுக் குழுவின் டொக்டர் பரிசோதிக்கும்போது நல்ல காலை முதலில் நீட்டி, பகிடி சொல்லிச் சிரிக்க வைப்பான். பஸ்ஸிலிருந்து எல்லோருக்கும் முன்னால் இறங்கி, மற்றவர்கள் வருவதற்குள் நடந்து காலை இளக்கிக்கொள்வான். களைத்துப்போன ஆட்டக்காரர்கள் பயிற்சியாளரைப் பார்த்துக் கையைத் தூக்கி விரலைச் சுழற்றுவார்கள். என்னை மாற்றுங்கள் என்று அர்த்தம். அவன் எந்த நாட்டிலும், எந்த ஆட்டத்திலும் அந்தச் சைகையைக் காட்டியதில்லை.

கடைசி ஒப்பந்தம் கனடாவில் கிடைத்தது. பாதிப் பருவம் விளையாடினான், பிறகு கூப்பிடவில்லை. அதற்குள் மனைவியும் பிரிந்துவிட்டாள். ஒப்பந்தம் முடிந்தும் அவன் திரும்பிப் போகாத முதல் நாடு இதுதான். காரணம் அவனுடைய மகள். பத்து வயதுப் பிள்ளை, தாயோடு இருக்கிறாள். வெள்ளி பின்னேரம் அவனிடம் வந்து ஞாயிறு திரும்புவாள். நிலையான வேலையும் சொந்தமாக ஓர் அறையும் இருக்கும்வரைதான் அது என்று தாய் சொல்லியிருந்தாள். மொன்றியல்-நோரில் ஓர் அடித்தள அறை எடுத்திருந்தான். வேலை போனால் அறை போகும், அறை போனால் வெள்ளிக்கிழமை போகும்.

ஆகவே லொறியிலும் அவன் நொண்டவில்லை. ஆனால் அவன் படி இறங்கும்போது நான் பின்னால் வருகிறவன். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அண்ணைக்குத் தெரியாது. அண்ணை கெட்டவர் இல்லை. ஆனால் முந்தி ஒருவனின் முதுகு பிடித்துப் போய், அதனால் பட்ட தொல்லை அவருக்கு நினைவிருந்தது. “ஏலாதெண்டால் முதலே சொல்லோணும். சொல்லாமல் வந்து என்ர லொறியில விழக் கூடாது” என்பார். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவன் என் முகத்தைப் பார்ப்பான். நான் மொழிபெயர்க்க மாட்டேன்.

யூலை முதலாம் திகதி இந்த ஊரில் பாதிப் பேர் வீடு மாறுவார்கள். வாடகைக் காலங்கள் அன்றோடு முடிகின்றன. தெரு முழுக்க லொறிகள், நடைபாதை முழுக்க மெத்தைகள். அந்த வருடம் அது செவ்வாய்க்கிழமையில் வந்தது. எங்களுக்கு மொன்றியல்-நோரில் மூன்றாம் மாடித் தமிழ்க் குடும்பம் ஒன்று. மேற்குப் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் சொந்த வீடு வாங்கியிருந்தார்கள். புருஷன் அங்கே போய்விட்டார். மனைவி இங்கே நின்று சாமான்களை அனுப்பிக்கொண்டிருந்தார்.

“தம்பி, மூண்டு மணிக்கு ராகு காலம் துவங்குது” என்றார் அந்த அக்கா, நாங்கள் வந்ததிலிருந்து பலமுறை. “அதுக்கு முன்னம் எல்லாச் சாமானும் புது வீட்டுக்குள்ள போயிடோணும். பேந்து இவர் என்னில குறை சொல்லுவார்.”

“ஓம் அக்கா. ராகு வர முதல் நாங்கள் வந்திடுவம்” என்றார் அண்ணை.

கீழே, இந்த வீட்டுக்குக் குடிவரும் ஹெயிட்டிக்காரர் தன் லொறியோடு காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தார். பெரிய ஆள். அவரது தாய் நடைபாதையில் ஒரு சோபாவில் உட்கார்ந்து, நாங்கள் இறக்கிய ஒவ்வொரு பெட்டியையும் எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படி வெளிப்பக்கப் படி. இந்த ஊரின் பழைய வீடுகளுக்கு உள்ள மாதிரி, சுவரை ஒட்டாமல் வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படி. நேர்ப்படியில் என்னவும் இறக்கலாம். வளைவில் ஒவ்வொரு படியும் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் நாலு விரல். சில்லு வைத்த தள்ளுவண்டி அங்கே உதவாது. தோளில் மாட்டும் அகலப் பட்டியில் பாரத்தைத் தொங்கவிட்டு, மேலே ஒருவர், கீழே ஒருவர் இறங்க வேண்டும். பாரத்தில் பெரும்பகுதி கீழே நிற்பவனுக்குத்தான் வரும்.

மதியத்துக்குள் எல்லாம் இறங்கிவிட்டது, ஃப்ரீஸர் ஒன்றைத் தவிர. நம் வீடுகளில் இருக்குமே, மேல்மூடி திறக்கும் பெட்டி ஃப்ரீஸர், அது. மூடியைச் சுற்றிப் பெட்டி ஒட்டும் பிளாஸ்டரை வரிவரியாக ஒட்டியிருந்தார்கள்.

“அக்கா, பிளக் கழட்டியாச்சோ?” என்றார் அண்ணை கீழேயிருந்து.

“இப்பத்தான் கழட்டினனான்.”

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் ஒரு மூலையை அசைத்துப் பார்த்தேன். எதிர்பார்த்ததைவிடப் பாரம். பழைய மெஷின், மோட்டார் பாரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டியை மாட்டும்போதுதான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது.

“நான் கீழ” என்றான் அவன்.

“இல்லை, நான் கீழ. நீ மேல நில்.”

“உன்ர தோள் சரியில்லை. காலமை கட்டில் தூக்கேக்க இடப்பக்கம் சரிஞ்சாய்.”

என் தோளைப் பற்றி நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. பெருவில் மூட்டை சரிந்து விழுந்த தோள் அது. காலையில் கட்டிலின் மறுமுனையில், எனக்கு முதுகைக் காட்டி நின்றவன் அவன். எப்போது திரும்பிப் பார்த்தான் என்று எனக்குத் தெரியவில்லை. நடுக்கள ஆட்டக்காரன் பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேலால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுவான், யார் எங்கே நிற்கிறார்கள், யார் களைத்துவிட்டார்கள் என்று. அந்தப் பழக்கம் அவனை விடவில்லை.

“தோள் கிடக்கட்டும். உன்ர கால்?” என்றேன்.

“என்ர காலுக்கு என்ன?”

“எனக்கும் நடிப்போ?”

“ஐசே!” அண்ணையின் குரல் கீழேயிருந்து வந்தது. “என்ன அங்க கலியாணப் பேச்சே நடக்குது? தூக்குங்கோ! அந்தாள் ஹோர்ன் அடிக்கத் துவங்கீட்டார்.”

அவன் கீழே இறங்கிப் பட்டியை இழுத்து மாட்டிக்கொண்டான். நான் மேலே. தூக்கினோம். தூக்கியவுடன் என் தோள் இது சரியில்லை என்றது. அவன் முகமும் மாறியது. ஆனால் இருவரும் வாய் திறக்கவில்லை. ஏலாது என்று முதலில் சொல்வதற்கு இருவருக்கும் பழக்கமில்லை.

முதல் பகுதி நேர்ப்படி. ஒவ்வொரு படிக்கும் அவன் மெல்லிய குரலில் “வா” என்றான், நான் இறங்கினேன். வளைவு தொடங்கியது. அவன் பின்பக்கமாகக் காலை வைத்து, படியின் அகலமான பக்கத்தைத் தேடினான். இரண்டு படி. மூன்றாவதில் “வா” வரவில்லை.

“என்ன?”

“நில்.”

ஃப்ரீஸரின் ஒரு மூலை கைப்பிடிக் கம்பியில் உராய்ந்து நின்றது. மறுபக்கம் அவனுடைய நெஞ்சில். அவனது வலது கால் மேல்படியில் மடிந்தபடி இருந்தது, இடது கால் கீழே. அவன் அதை நீட்டப் பார்த்தான். நீளவில்லை. முழங்கால் பூட்டு விழுந்த மாதிரி இறுகிவிட்டது.

“கீழ வை” என்றேன்.

“எங்க வைக்கிறது?”

வைக்க இடமில்லை. வளைவின் படியில் ஃப்ரீஸரின் கால் பாகம்கூட நிற்காது. பின்னால் இழுத்து ஏற்றலாம் என்று பட்டியை இறுக்கினேன். தோளுக்குள் ஏதோ சூடாக ஓடியது. பாரம் ஒரு விரலளவுகூட அசையவில்லை.

“என்ன நிக்கிறியள்?” அண்ணை கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் நின்ற இடத்திலிருந்து அவனுடைய முதுகு மட்டும்தான் தெரியும். முகம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. உதடு வெளிறியிருந்தது. மூக்கு நுனியில் வியர்வை சேர்ந்து சொட்டியது.

“வாயைத் திறக்காத, ஒல்லி” என்றான். “கொஞ்சம் பொறு. இது தானா விடும். சைப்பிரசிலயும் விட்டது.”

“சைப்பிரசில உன்ர நெஞ்சில ஃப்ரீஸர் இருந்ததோ?”

“சிரிப்புக் காட்டாத. பிடி.”

மேலே வாசலில் அக்கா வந்து நின்றார். “தம்பியவை, மணி ரெண்டாகப் போகுது! பாதையில வேற சனம் நெருக்கம்!”

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவன் ஏன் கீழே போக அடம்பிடித்தான் என்று. என் தோள் ஒரு காரணம்தான். அவன் மேலே நின்று முழங்கால் கைவிட்டால் பாரம் என் மேல் வரும். கீழே நின்று கைவிட்டால் அவன் மேல் மட்டும்தான் வரும். அதைக் கணக்குப் பார்த்துத்தான் நின்றிருக்கிறான்.

நான் கத்தினால் அண்ணை ஓடி வருவார், காலைப் பார்ப்பார், அவனது வேலை அத்தோடு சரி. கத்தாவிட்டால் என் தோள் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. பட்டி என் சட்டையை வழித்துக்கொண்டு ஓர் அங்குலம் நழுவியது. ஃப்ரீஸர் அவன் நெஞ்சை இன்னும் அழுத்தியது. அவன் மூச்சை விட்டான், திரும்ப இழுக்கச் சிரமப்பட்டான்.

“நான் அண்ணையைக் கூப்பிடப் போறன்” என்றேன்.

“வெள்ளிக்கிழமை பிள்ளை வருவாள்” என்றான்.

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் கூப்பிடுவியோ?”

என் வலது கை உணர்விழந்து வந்தது. அதை அவனிடம் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமலே அவன் என் தோளைப் பார்த்தான், பட்டி நழுவிய இடத்தைப் பார்த்தான், பிறகு என் கண்ணைப் பார்த்தான். ஒரு கணம்தான். பிறகு இடது கையைப் பெட்டியிலிருந்து எடுத்தான். விழப் பார்க்கிறான் என்று எனக்கு உயிர் போய் வந்தது. அவன் அந்தக் கையைத் தலைக்கு மேலே நன்றாக உயர்த்தி, சுட்டுவிரலை நீட்டி, காற்றில் வட்டமாகச் சுழற்றினான். ஒருமுறை, திரும்பவும் ஒருமுறை.

அண்ணை சனிக்கிழமைகளில் உதைபந்தாட்டம் பார்க்க உட்கார்ந்தால் தொலைக்காட்சிக்கு முன்னாலிருந்து எழும்பாத ஆள். அந்தச் சைகை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

“கடவுளே, உவனுக்கு ஏலாதாம்!” என்று கத்திக்கொண்டு படியேறினார். அவருக்கு முன்னால் ஹெயிட்டிக்காரர் ஏறிவிட்டார். படி முழுக்க அதிர்ந்தது. அவர் அவனுக்குப் பக்கவாட்டில் நுழைந்து, முதுகை ஃப்ரீஸருக்குக் கொடுத்து, பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பாரம் என் தோளிலிருந்து சட்டென்று குறைந்தது. அண்ணை அவனது பட்டியைக் கழற்றி, இடுப்பைப் பிடித்து இழுத்து எடுத்தார். மற்ற மூவரும் எப்படியோ அதைக் கீழே கொண்டுவந்தோம். நடைபாதையில் வைத்தபோது சிமெந்து அதிர்ந்த சத்தம் கேட்டு, சோபாவில் இருந்த தாய் சிலுவை போட்டுக்கொண்டார்.

அண்ணை ஃப்ரீஸரை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு பையிலிருந்த கத்தியால் பிளாஸ்டரைக் கீறி மூடியைத் திறந்தார். உள்ளே விளிம்பு வரைக்கும் இறைச்சிப் பைகள். பாரை மீன் துண்டுகள், நண்டு, இரண்டு பை கணவாய்.

“அக்கா!” என்று மேலே பார்த்துக் கத்தினார். “இதுக்குள்ள ஒரு ஆடு முழுசா நிக்குதே!”

“ரெண்டு ஆடு தம்பி” என்றார் அக்கா படியில் இறங்கிக்கொண்டே. “நாளைக்குச் சனத்துக்குச் சாப்பாடு. அரை மணித்தியாலப் பாதைதானே, உருகாதெண்டு அப்பிடியே விட்டனான். ஏன், என்ன நடந்தது?”

அண்ணை மூடியைச் சாத்திவிட்டு, கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தவனிடம் போனார். காற்சட்டையை மேலே சுருட்டச் சொன்னார். அவன் சுருட்டினான். முழங்கால் இருந்த இடத்தில் ஒரு இளம் பப்பாளிக்காய் இருந்தது.

“இண்டைக்குத்தானோ?” என்றார் என்னிடம்.

இன்றைக்குத்தான், ஆட்டுப் பாரத்தால் வந்தது என்று சொல்லிவிடலாம். பிழை அக்காவுடையதாகிவிடும். சொல்லக்கூடிய பொய்தான். நான் அவனைப் பார்த்தேன். கேட்டது அவனுக்கு விளங்கியிருந்தது.

“உள்ளதைச் சொல்லு” என்றான்.

“சைப்பிரசில இருந்து, அண்ணை.”

“சைப்பிரசில இருந்தோ? அப்ப என்ர லொறியில ஏறின முதல் நாளே இப்பிடித்தானோ?”

“ஓம்.”

“நீரும் அறிஞ்சுகொண்டுதான் இருந்தனீர்?”

“ஓம் அண்ணை.”

“நல்ல ஆக்களாப் பாத்துத்தான் நானும் பிடிச்சு வைச்சிருக்கிறன்.” எழும்பிக் கையைத் துடைத்தார். “லொறியில ஏத்தும் உவனை. பேந்து கதைப்பம்.”

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்குப் போகும் வழியெல்லாம் வாகன நெரிசல். அண்ணை ரேடியோவைக்கூடப் போடவில்லை. ‘பேந்து கதைப்பம்’ என்றால் என்ன என்று அவன் மெல்லக் கேட்டான். பிறகு பேசலாம் என்று அர்த்தம் என்றேன். தலையாட்டினான். அதை ருமேனிய மொழியிலும் மலாயிலும் கேட்டிருக்கிறானாம். யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ராகு காலம் தொடங்கியிருந்தது. புருஷன் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கராஜ் வீட்டுக் கணக்கில் வராது என்று அக்காவே முடிவு செய்ததால், எல்லாவற்றையும் கராஜில் இறக்கி, ஃப்ரீஸருக்கு அங்கேயே கரண்டும் கொடுத்து, நாலரை மணி வரை காத்திருந்து உள்ளே எடுத்தோம். நானும் அண்ணையும் புருஷனும்தான் எடுத்தோம். அவன் லொறியை விட்டு இறங்கவில்லை. அக்கா பொங்கல் தட்டோடு போய் அவனிடம் கொடுத்து, தமிழிலேயே மன்னிப்புக் கேட்டதைப் பார்த்தேன். அவன் தமிழ் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

புதன் அண்ணை கூப்பிடவில்லை. வியாழன் காலையிலும் இல்லை. நான் அவனுடைய அறைக்குப் போனேன். மகள் படுக்கும் சின்னக் கட்டிலுக்கு வெள்ளியை நினைத்துப் புது விரிப்புப் போட்டிருந்தான். காலில் ஐஸ் பை. வாசலில் உடுப்புப் பையும் தயாராக இருந்தது. ஏன் என்று கேட்டேன். ஒப்பந்தம் முடியும் என்று தெரிந்தால் அவன் முதலே கட்டி வைத்துவிடுவானாம். பூட்டு மாற்றுவதற்கு முன்.

“எங்க போவாய்?”

“தெரியாது. நீ எங்க போவாய்?”

எனக்கும் தெரியாது என்றேன். அண்ணை அவனை நிறுத்தினால் நானும் வேலையை விடுவதா என்று இரண்டு நாளாக யோசித்தும் முடிவு வரவில்லை. மேற்கே வன்கூவர் பக்கம் மரவேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருவன் சொல்லியிருந்தான்.

வெள்ளி மதியம் தொலைபேசி அடித்தது.

“உவனுக்குப் பிரெஞ்சு வருமோ?” என்றார் அண்ணை, முன்னுரை இல்லாமல்.

“கொஞ்சம் வரும்.”

“இனி ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் நாளே ஒரு ஆள் போய்ப் பார்க்கோணும் ஐசே. படி எப்பிடி, வளைவு எப்பிடி, ஃப்ரீஸருக்குள்ள எத்தினை ஆடு எண்டு. நீர் கார் ஓடும், உவன் பார்க்கட்டும். தூக்கிறதுக்கு நான் வேற ஆள் பிடிக்கிறன். சம்பளம் குறையும். கோடை முடியும் வரைக்கும்தான். அதுக்குள்ள உவன் டொக்டரைக் காணோணும். காணாட்டி வேலையும் இல்லை. சொல்லிப்போடும்.”

“சொல்லுறன் அண்ணை.”

“இன்னொண்டு. இனியும் என்ர லொறியில ஒளிச்சு வைச்சியள் எண்டால் ரெண்டு பேரையும் ஆத்துப் பாலத்தில இறக்கி விட்டிடுவன்.”

மெட்ரோ வாசலில் அவன் மகளுக்காகக் காத்து நின்றபோது இதைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “கோடை முடியும் வரையோ?” என்றான்.

“ஓம்.”

“எனக்குக் கன பேர் தந்த ஒப்பந்தங்களை விட இது நீளம்.”

டொக்டரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் திரும்பவும் சொன்னேன். கேட்டது என்று கையைக் காட்டினான்.

மகள் படியேறி வந்தாள், முதுகில் உடுப்புப் பை, தலையில் தொப்பி. வழமையாக அவளைக் கண்டதும் அவன் காலை உதறி, முதுகை நிமிர்த்தி, வேகமாகப் போவான். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்றும் நிமிர்ந்தான். பிறகு என்ன நினைத்தானோ, அந்த நிமிர்வை விட்டுவிட்டு, வலது காலை இழுத்துக்கொண்டு அவளிடம் போனான். சனங்களுக்கு நடுவில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

“பப்பா, நொண்டுறீங்கள்” என்றாள் ஸ்பானியத்தில்.

“ஓம்.”

“எப்ப தொடக்கம்?”

“நீ பிறக்க முன்னம் தொடக்கம்.”

அவள் அவன் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம் வரப்போகிற முகம். தங்கள் பஸ் வருவதைக் கண்டும் அவள் ஓடவில்லை. அவனையும் ஓட விடவில்லை, சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் போய்விட்டது. அடுத்ததற்கு மூவரும் நிழலில் காத்து நின்றோம்.